மொழிபெயர்த்தவர் பெயரை எப்படிச் சேர்ப்பது?

நண்பர்களே, ஓர் உதவி. எங்கள் சிறிய கட்டற்ற மென்பொருளின் தமிழ் இடைமுகம் முழுவதையும் மொழிபெயர்த்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியின் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை; விரிதாளில் எழுதி மின்னஞ்சலில் அனுப்புவார், நான் ஏற்றுவேன். அதனால் பங்களித்தோர் பட்டியலில் அவர் உழைப்பெல்லாம் என் பெயரில் நிற்கிறது. கூச்சமாக இருக்கிறது.

இனி வருபவற்றுக்கு பதிவுக் குறிப்பில் உடன் பங்களித்தவர் பெயரைச் சொல்லும் 'கோ-ஆத்தர்ட்-பை' (Co-authored-by) வரி போதும். பழையவற்றை, கிட் வரலாற்றைக் கலைக்காமல், எப்படிச் சரிசெய்வது?

இன்னொன்று. மென்பொருள் பொதி தயாரிக்காத பங்களிப்பாளர்களையும் உறுப்பினராக ஏற்பதென்று டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டம் 2010இல் வாக்கெடுத்து முடிவுசெய்தது. இவருக்கும் அப்படி வாக்குரிமை தர விரும்புகிறோம். உங்கள் குழுவின் உறுப்பினர் விதியைப் பகிர முடியுமா? 'குறைந்தது இத்தனை கமிட்' (கிட்டில் பதியும் மாற்றம்) என்று தொடங்கும் விதி மட்டும் வேண்டாம். அது எங்களிடமே இருக்கிறது.