டெவலப்பர் லேப்டாப்புக்கு எந்த ஆன்டிவைரஸ் நல்லது? டிஃபெண்டரை ஆஃப் பண்ணிடலாமா?

கெடிலக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பம், வீட்ல இருந்தே ஃப்ரீலான்ஸ் பண்றேன். பெரும்பாலும் ரியாக்ட், நோட் தான், அப்பப்போ பைதான்ல சின்ன சின்ன டூல் எழுதி லோக்கல் கிளையன்ட்டுக்கு குடுப்பேன். புதுசா ஒரு லேப்டாப் வாங்கிருக்கேன், விண்டோஸ் 11, 16 ஜிபி ராம். பாண்டியில வாங்குன கடைக்காரர் மூணு வருஷத்துக்கு ஆன்டிவைரஸ் போட்டுக்கோங்க, விண்டோஸ்லயே வர்ற டிஃபெண்டரெல்லாம் சும்மான்னு சொன்னாரு, நான் யோசிச்சு சொல்றேன்னு வந்துட்டேன்.

இப்ப பிரச்சனை என்னன்னா ப்ராஜெக்ட்டுக்கு தேவையான பேக்கேஜை இறக்க என்பிஎம் இன்ஸ்டால் போட்டாலே டாஸ்க் மேனேஜர்ல ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்னு டிஃபெண்டரோட ப்ரோக்ராம் ஒண்ணு சிபியூவை தின்னுது, ஃபேன் சத்தம் ஹால் வரைக்கும் கேக்குது, பில்டு முடியவே மாட்டேங்குது. கூட வேலை செஞ்ச ஃப்ரெண்ட் ஒருத்தன் ப்ராஜெக்ட் ஃபோல்டர் மொத்தத்தையும் எக்ஸ்க்ளூஷன்ல, அதாவது ஸ்கேன் பண்ணாம விடற லிஸ்ட்ல போடு, இல்லனா ரியல் டைம் ப்ரொடெக்ஷனையே ஆஃப் பண்ணிடு, டெவலப்பருக்கு எதுக்குடா ஆன்டிவைரஸ், நாமதான் கண்டதை க்ளிக் பண்ண மாட்டோமேங்கறான். காசு குடுத்து வாங்கினா வேகமா இருக்குமா? இல்ல டிஃபெண்டரே போதுமா? எக்ஸ்க்ளூஷன் போடறது சரியா? கிளையன்ட்டோட ஏபிஐ கீ, சர்வர் பாஸ்வேர்டு எல்லாம் என் மெஷின்லதான் இருக்கு, அதான் பயமா இருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

சங்கராபரணி:

தம்பி, வாங்காம வந்தது நல்லதுதான். தனியா வேலை செய்ற ஆளுக்கு டிஃபெண்டரே போதும், இதை தயங்காம சொல்வேன். வேற ஆன்டிவைரஸ் போட்டா டிஃபெண்டர் தானா ஒதுங்கிக்கும், வர்றதும் அதே வேலையைத்தான் செய்யப் போகுது. ஏன்னா ஸ்லோ ஆகறது டிஃபெண்டர் மட்டமா இருக்கறதால இல்ல. ரியல் டைம் ஸ்கேன் எதுவா இருந்தாலும் ஒரு ஃபைலை திறக்கும்போது நடுவுல நின்னு பாத்துட்டுதான் விடும், இறக்குன பேக்கேஜெல்லாம் கிடக்கற நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர்ல பத்தாயிரக்கணக்குல குட்டி குட்டி ஃபைல் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் அந்த நிப்பாட்டல் நடக்கும்போது மொத்தமா சேர்ந்து பில்டு இழுக்குது. ஒரு பெரிய சினிமா ஃபைலை காப்பி பண்ணும்போது இந்த தொல்லை தெரியாது.

இதுக்குன்னே மைக்ரோசாஃப்ட் 2023ல டெவ் ட்ரைவ்னு ஒண்ணு விண்டோஸ் 11க்கு கொண்டு வந்தாங்க. ஆர்இஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துல தனி டிரைவ். அதுல டிஃபெண்டர் பெர்ஃபார்மன்ஸ் மோட்ல ஓடும், அதாவது ஃபைலை திறக்க விட்டுட்டு ஸ்கேனை பின்னாடி தள்ளி வெச்சு பண்ணும். ஸ்கேன் நடக்கும், ஆனா உன் பில்டு அதுக்காக காத்துக் கிடக்காது. முக்கியமான விஷயம், ரியல் டைம் ப்ரொடெக்ஷன் ஆன்ல இருந்தாதான் இந்த மோடே வேலை செய்யும், அதனால ஃப்ரெண்ட் சொன்ன மாதிரி ஆஃப் பண்ண தேவையே இல்ல.

குறைஞ்சது 50 ஜிபி ஒதுக்கணும். செட்டிங்ஸ்ல சிஸ்டம், ஸ்டோரேஜ், அட்வான்ஸ்டு ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் அண்ட் வால்யூம்ஸ் போனா அங்க கிரியேட் டெவ் ட்ரைவ்னு இருக்கும். ஏற்கனவே இருக்கற டிரைவை டேட்டாவோட அப்படியே மாத்த முடியாது, புதுசா ஃபார்மேட் பண்ணணும், சி டிரைவை மாத்தவே முடியாது. பார்ட்டிஷனை தொட பயமா இருந்தா விஹெச்டி ஃபைலா, அதாவது தனி டிரைவ் மாதிரி நடந்துக்கற ஒரு ஃபைலா உருவாக்கிக்கோ, ஒண்ணும் கெட்டுப் போகாது. ரெப்போ, அதாவது ப்ராஜெக்ட் கோடு மட்டும் அங்க போட்டா பாதி பலன்தான், என்பிஎம்மும் பைதானோட பிப்பும் இறக்குன பேக்கேஜை சேத்து வெக்கற கேஷ் ரெண்டையும் அங்க மாத்து. விண்டோஸ், எடிட்டர், கம்பைலர் மாதிரி டூலெல்லாம் சி டிரைவ்லயே இருக்கட்டும்.

தேவனாம்பட்டினம்:

நான் பாண்டியில ஒரு ஆஃபீஸ்ல டெவலப்பர் மெஷினெல்லாம் பாத்துக்கற ஆளு. அண்ணன் சொன்னதோட ஒத்துப் போறேன், ஒரு திருத்தத்தோட. நீங்க தனி ஆளா இருக்கறவரைக்கும் டிஃபெண்டர் போதும். நாளைக்கு நாலு பேரை வேலைக்கு வெச்சீங்கன்னா, இல்ல வெளிநாட்டு கிளையன்ட் செக்யூரிட்டி ஃபார்ம் அனுப்பி எந்த மெஷின்ல எப்ப அப்டேட் ஆச்சுன்னு ரிப்போர்ட் கேட்டான்னா, எல்லா மெஷினையும் ஒரே இடத்துல இருந்து பாக்கற மாதிரி காசு குடுத்து ஒண்ணு வாங்கித்தான் ஆகணும். சென்னை கே7, பூனா குயிக் ஹீல் ரெண்டுலயும் ஆஃபீசுக்கான எடிஷன் இருக்கு, பில்லு ஜிஎஸ்டியோட வரும், தமிழ்ல பேசி சப்போர்ட் கேக்கலாம்.

ஆனா டெவலப்பர் மெஷின்ல வெளி ஆன்டிவைரஸ் போடும்போது ஒரு செட்டிங்கை பாக்காம விடாதீங்க. ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்னு இருக்கும், சிலதுல வெப் ஷீல்டுன்னு பேரு. அது உங்க மெஷின்ல தன்னை நம்ப வைக்கற ரூட் சர்டிஃபிகேட்டை போட்டுட்டு நடுவுல உக்காந்து ட்ராஃபிக்கை பிரிச்சு பாக்கும். ப்ரவுசருக்கு பிரச்சனை வராது, ஏன்னா க்ரோம் விண்டோஸ் சர்டிஃபிகேட் ஸ்டோரை ஏத்துக்கும். நோடும் பைதான்ல சில லைப்ரரியும் தனக்குன்னு வேற லிஸ்ட் வெச்சிருக்கும், அதனால என்பிஎம் இன்ஸ்டால் போட்டா செல்ஃப் சைன்டு சர்டிஃபிகேட் இன் சர்டிஃபிகேட் செயின்னு எரர் அடிக்கும். புதுசா சேர்ற பசங்க இன்டர்நெட்ல தேடி என்பிஎம்ல சர்டிஃபிகேட்டை சரிபாக்கற ஸ்ட்ரிக்ட் எஸ்எஸ்எல் செட்டிங்கை ஃபால்ஸ்னு போட்டுட்டு, ஓடுதுல்ல போதும்னு போயிடறாங்க. இதை பாத்தா எனக்கு வயிறு எரியும், ஏன்னா அதுக்கப்புறம் அந்த மெஷின் யார்கிட்ட இருந்து பேக்கேஜ் வாங்குதுன்னு சரிபாக்கறதையே விட்டுடுச்சு, ஆன்டிவைரஸ் போட்டதாலயே மெஷின் முன்னைவிட மோசமாயிடுச்சு. ஸ்கேனிங்கை அந்த டூலுக்கு மட்டும் விலக்கு குடுக்கணும், இல்லனா அந்த ரூட் சர்டிஃபிகேட்டை நோட் எக்ஸ்ட்ரா சிஏ சர்ட்ஸ்ங்கற என்விரான்மென்ட் வேரியபிள்ல காட்டணும்.

இன்னொண்ணு, இலவசமா கிடைக்குதேன்னு எதையாவது போட்டுடாதீங்க. அவாஸ்ட் விஷயம் நிறைய பேருக்கு தெரியாது. அவங்க துணை கம்பெனி ஜம்ப்ஷாட் வழியா யூசர்களோட ப்ரவுசிங் டேட்டாவை வித்தாங்கன்னு அமெரிக்காவோட வர்த்தக கண்காணிப்பு அமைப்பு எஃப்டிசி நடவடிக்கை எடுத்து, 2024 பிப்ரவரியில 1.65 கோடி டாலர் கட்ட சொன்னாங்க. ஆன்டிவைரஸ்ங்கறது மெஷின்ல இருக்கற எல்லா ஃபைலையும் படிக்கற உரிமை உள்ள சாஃப்ட்வேர், அதை யார் எழுதறாங்க எப்படி காசு சம்பாதிக்கறாங்கன்னு பாத்துதான் உள்ள விடணும்.

ஊசுட்டேரி:

எல்லாரும் எந்த ஆன்டிவைரஸ்னு பேசறீங்க, அந்த எக்ஸ்க்ளூஷன் கேள்வியை யாரும் முழுசா தொடல, எனக்கு அதுதான் இங்க பெரிய விஷயமா படுது.

தம்பி, ப்ராஜெக்ட் ஃபோல்டரை எக்ஸ்க்ளூஷன்ல போடவே போடாதீங்க. உங்க ஃப்ரெண்ட் சொல்றது, கண்டதை க்ளிக் பண்ண மாட்டோம்ங்கறது, சாதாரண ஆளுக்கு சரி. நம்ம வேலையே முன்னபின்ன தெரியாதவங்க எழுதுன கோடை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இறக்கி ஓட்டறதுதானே. என்பிஎம் இன்ஸ்டால் போட்டா பேக்கேஜுக்குள்ள இருக்கற, இறக்குனதும் தானா ஓடற போஸ்ட் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் உங்க பர்மிஷன்ல ஓடும், உங்களால எந்த ஃபைலை படிக்க முடியுமோ அதையெல்லாம் அதாலயும் படிக்க முடியும். டெவலப்பருக்கு ஆபத்து வர்ற வாசலே அந்த ஃபோல்டர்தான், அந்த வாசல்ல மட்டும் காவலை எடுத்துடுன்னு சொல்றது என்ன யோசனை?

இது கற்பனை இல்ல. 2018ல என்பிஎம்ல இருக்கற ஈவன்ட் ஸ்ட்ரீம் பேக்கேஜ்ல பிட்காயின் வாலட்டை குறி வெச்சு கோடு நுழைஞ்சது. 2021 அக்டோபர்ல யூஏ பார்சர் ஜேஎஸ், அதை எழுதுனவரோட அக்கவுண்ட்டையே பிடிச்சு பாஸ்வேர்டு திருடற ப்ரோக்ராமை சேர்த்து வெளியிட்டாங்க. 2025 செப்டம்பர்ல சாக், டீபக் ரெண்டும், நீங்க ரியாக்ட் எழுதறவர்னா கண்டிப்பா உங்க நோட் மாட்யூல்ஸ்ல இருக்கும், மெயின்டெய்னருக்கு டூ ஃபேக்டரை புதுப்பிக்கணும்னு போலி மெயில் அனுப்பி அக்கவுண்ட்டை எடுத்துட்டாங்க. கெட்ட வெர்ஷன் சில மணி நேரம்தான் வெளியில இருந்தது, ஆனா அந்த நேரத்துல இன்ஸ்டால் போட்டவங்களுக்கு வந்துடுச்சு.

இப்ப நம்ம பக்கத்துல அதிகமா நடக்கறது வேற. வேலை தேடற பசங்களுக்கு ரெக்ரூட்டர்னு ஒருத்தன் மெசேஜ் பண்ணுவான், நல்ல சம்பளம், வீட்ல இருந்தே வேலை, இந்த ரெப்போவை க்ளோன் பண்ணி ஓட்டிப் பாத்து பக் சரி பண்ணி அனுப்புங்கம்பான். முத்தியால்பேட்டையில எங்க தெரு பையனுக்கு இப்படி ஒண்ணு வந்தது. அவன் ஓட்டறதுக்கு முன்னாடி ஃபைலை ஒவ்வொண்ணா திறந்து பாத்தான், ஒரு சாதாரண கான்ஃபிக் ஃபைல்ல கீழ ஸ்க்ரோல் பார் மட்டும் ரொம்ப குட்டியா இருந்தது, வலது பக்கம் இழுத்துட்டே போனா நூத்துக்கணக்கான ஸ்பேஸுக்கு அப்புறம் கண்ணுக்கு தெரியாத தூரத்துல ஒரு நீள வரி, வெளி சர்வர்ல இருந்து எதையோ இறக்கி ஓட்டற கோடு. எங்கிட்ட கொண்டு வந்து காட்டினான், டிஃபெண்டர் அதை ஒண்ணும் சொல்லல. சொல்லாதுதான், ஏன்னா அது வெறும் ஜாவாஸ்கிரிப்ட் டெக்ஸ்ட், அது இறக்குற பொருள் வந்தப்புறம்தான் பிடிக்க வாய்ப்பு. அந்த வாய்ப்பையும் எக்ஸ்க்ளூஷன் போட்டு கெடுத்துக்காதீங்க. இந்த மாதிரி போலி இன்டர்வியூ வேலையை 2023லயே பாலோ ஆல்டோங்கற செக்யூரிட்டி கம்பெனியோட யூனிட் 42 ஆராய்ச்சி ஆளுங்க எழுதிட்டாங்க, வடகொரியா கும்பலோட தொடர்பு சொல்லி.

அதனால நான் சொல்றது, என்பிஎம்ல இக்னோர் ஸ்கிரிப்ட்ஸை ட்ரூன்னு போட்டுட்டு தேவைப்படறதுக்கு மட்டும் கையால ஓட்டுங்க, இல்ல என்பிஎம்முக்கு பதிலா இருக்கற பிஎன்பிஎம் 10க்கு மாறுங்க, அதுல டிபெண்டன்சியோட ஸ்கிரிப்ட்டு டீஃபால்ட்டா ஓடாது. வெர்ஷன் வந்த அன்னைக்கே அப்டேட் போடாதீங்க, எந்த பேக்கேஜ் எந்த வெர்ஷன்னு குறிச்சு வெக்கற லாக் ஃபைலை கமிட் பண்ணி, அதுல இருக்கற வெர்ஷனை மட்டும் இறக்கற என்பிஎம் சிஐ போடுங்க. விஎஸ் கோடு எடிட்டர் ஃபோல்டரை நம்புறியான்னு கேக்கும்போது அவசரத்துல ஆமான்னு அமுக்காதீங்க. தெரியாத ரெப்போவா, விர்ச்சுவல் மெஷின்ல திறங்க, சர்வர்ல நுழையற உங்க எஸ்எஸ்ஹெச் கீயும் ப்ரவுசர் பாஸ்வேர்டும் இல்லாத இடத்துல. கிளையன்ட் கீயெல்லாம் டாட் என்வி ஃபைல்ல ப்ளெயினா கிடக்குன்னா அதை பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாத்துங்க, டோக்கனுக்கு எக்ஸ்பைரி வையுங்க.

கெடிலக்கரை:

அக்கா, படிச்சதும் முதல் வேலையா போட்டு வெச்சிருந்த எக்ஸ்க்ளூஷனை எடுத்துட்டேன். அந்த மாதிரி ரெக்ரூட்டர் மெசேஜ் எனக்கும் வந்திருக்கு, பதில் போடல, இனிமே பசங்களுக்கும் சொல்லி வைக்கறேன்.

சங்கராபரணி அண்ணா, சாயங்காலம் டெவ் ட்ரைவ் போட்டேன் விஹெச்டியா, வித்தியாசம் நல்லா தெரியுது, ஃபேன் அடங்கிடுச்சு. இதோட ஒட்டுன இன்னொரு கேள்வி. முதுநகர்ல ஒரு மீன் கம்பெனிக்கு பைதான்ல பில்லிங் டூல் எழுதி பைஇன்ஸ்டாலர்ல ஒரே இஎக்ஸ்இ-யா குடுத்தேன், அவங்க மெஷின்ல ஆன்டிவைரஸ் ட்ரோஜன்னு சொல்லி தூக்கிடுது. ஓனர் என்னை ஒரு மாதிரி பாக்கறாரு. எக்ஸ்க்ளூஷன் போட்டுக்கோங்கன்னு அவர்கிட்ட சொல்லவும் இப்ப மனசு வரல.

தேவனாம்பட்டினம்:

சொல்லாதீங்க, கரெக்ட். ஒன்ஃபைல் மோட்ல பண்ணினீங்கல்ல, அது ஓடும்போது தன்னை டெம்ப் ஃபோல்டர்ல பிரிச்சு போட்டு அங்கிருந்து ஓடும், நிறைய மால்வேரும் அப்படித்தான் செய்யும், அதோட அதே பூட்லோடரை மால்வேர் எழுதறவனும் யூஸ் பண்றான், அதான் மாட்டுது. ஒரே ஃபைலா இல்லாம ஃபோல்டரா உருவாக்கற ஒன்டிர் மோட்ல பண்ணி இன்ஸ்டாலர்ல குடுங்க, இஎக்ஸ்இ-யை சுருக்கற யூபிஎக்ஸ் கம்ப்ரெஷன் போட்டிருந்தா எடுத்துடுங்க, பெரும்பாலும் அதுலயே சரியாயிடும். அப்பவும் பிடிச்சா எந்த ஆன்டிவைரஸோ அவங்க சைட்ல தப்பா பிடிக்குதுன்னு ஃபைலை சப்மிட் பண்ணலாம், மைக்ரோசாஃப்ட்லயும் டெவலப்பருக்குன்னு அந்த வசதி இருக்கு. பல ஆன்டிவைரஸ்ல ஒரே நேரத்துல சோதிக்கற வைரஸ்டோட்டல் சைட்ல போட்டு பாக்கறதுன்னா உள்ள கிளையன்ட்டோட பாஸ்வேர்டு எதுவும் பொதிஞ்சு இல்லன்னு பாத்துட்டு போடுங்க, அங்க ஏத்துன ஃபைல் செக்யூரிட்டி கம்பெனிகளுக்கெல்லாம் போகும். நிறைய கிளையன்ட்டுக்கு குடுக்கப் போறீங்கன்னா ப்ரோக்ராம் உங்களோடதுதான்னு காட்டற கோடு சைனிங் சர்டிஃபிகேட் வாங்குங்க, ஆனா 2023 ஜூன்ல இருந்து அதோட கீ ஹார்டுவேர் டோக்கன்ல இல்ல அந்த மாதிரி பாதுகாப்பான இடத்துலதான் இருக்கணும்னு விதி, செலவு அதிகம், ஒரு கிளையன்ட்டுக்காக வாங்க வேணாம்.

அந்த மீன் கம்பெனி மெஷின் விண்டோஸ் 10ஆ பாருங்க. 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு சாதாரண சப்போர்ட் முடிஞ்சுது. 2017 மே மாசம் ஃபைலை பூட்டி காசு கேக்கற வானாக்ரை ரான்சம்வேர் பரவுனப்ப அதுக்கான பேட்ச் மார்ச்லயே வந்திருந்தது, போடாத மெஷின்தான் மாட்டுச்சு. ஓனர்கிட்ட இதை பேசுங்க, பில்லிங் டேட்டாவை வாரம் ஒரு தடவை வெளி ஹார்டு டிஸ்க்ல எடுத்துட்டு கழட்டி வைக்க சொல்லுங்க, சொருகியே வெச்சிருந்தா ரான்சம்வேர் அதையும் சேர்த்து பூட்டிடும்.

கெடிலக்கரை:

விண்டோஸ் 10தான் அண்ணா, பேசறேன். ஒன்டிர்ல பண்ணி நாளைக்கே குடுக்கறேன். கடைசியா ஒண்ணு, லேப்டாப்பை தூக்கிட்டு அடிக்கடி பாண்டி பஸ்ல போறேன், இந்த டெவ் ட்ரைவை பிட்லாக்கர் போட்டு என்க்ரிப்ட் பண்ணலாமா, ஸ்லோ ஆகுமா?

சங்கராபரணி:

தாராளமா பண்ணு. விஹெச்டி ஃபைல் சி டிரைவ்ல இருக்குன்னா சி டிரைவ் என்க்ரிப்ட் ஆகியிருந்தாலே போதும், உள்ள இருக்கறதும் சேர்ந்துதான் பூட்டியிருக்கும். ஹோம் எடிஷன்னா பிட்லாக்கர்னு தேடாத, செட்டிங்ஸ்ல டிவைஸ் என்க்ரிப்ஷன்னு இருக்கும். ரெக்கவரி கீயை பேப்பர்ல எழுதி வீட்ல வை, லேப்டாப் பையிலயே வெச்சுக்காத.