மொறிஸ் மைனர் 1000: கால் மணித்தியாலம் ஓடியபின் நின்றுவிடுகிறது, உதவி தேவை

கேள்வி (கல்லடி, மட்டக்களப்பு)

வணக்கம். அப்பா ஆசிரியராக இருந்த காலத்தில் ஓட்டிய 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார், வாவிக்கரைப் பக்கமுள்ள எங்கள் வளவில் தகரக் கொட்டிலின் கீழ் பதினொரு ஆண்டுகள் நின்றது. ஒன்றரை வருடமாக ஓய்வு நாட்களில் நானே அதனைத் திருத்தி வருகிறேன். உப்புக்காற்று தின்ற தரைத் தகடுகளை வெட்டி மாற்றி, பிறேக் சிலிண்டர்களைப் புதுப்பித்து, 948 சீசீ எஞ்சினின் தலையையும் ஒருமுறை கழற்றிப் பூட்டிவிட்டேன். இப்போது காலையில் ஸ்டார்ட்டர் குமிழை ஒருமுறை இழுத்ததும் எஞ்சின் இயங்குகிறது.

ஆனால் காத்தான்குடியைத் தாண்டி ஆரையம்பதியை நெருங்கும்போது இழுவை குறைந்து, இரண்டு மூன்று முறை திணறி, கார் நின்றுவிடுகிறது. அரை மணித்தியாலம் மரநிழலில் விட்டால் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் ஓடுகிறது. ஒரு கராச்சில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கொயிலையும் அதனோடு சேர்ந்த கொண்டென்சரையும் மாற்றினார்கள், பலன் இல்லை. இப்போது பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். அது காரோடு வந்த, எஸ்.யூ. நிறுவனத்தின் அசல் காபரேட்டர் என்பதால் கழற்றி வீச எனக்கு மனம் வரவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பதில் (களுவாஞ்சிக்குடி)

காபரேட்டரைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்வது வெயில் சூட்டில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகும் குறையைப் போலத் தெரிகிறது. ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். இந்தக் காரில் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே கொயிலில் கூட்டல் குறியிட்ட முனையே, தீப்பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். புதிய வாகனங்களில் பழகியவர்கள் இதனை மாற்றிப் பூட்டிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அப்போது கார் ஓடும், ஆனால் தீப்பொறி பலவீனமாக இருக்கும். டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பொயின்ற் முனைகளின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள். பிறகு, வெயில் ஏறுமுன் ஒருநாள் ஓடிப் பாருங்கள். அப்போதும் நின்றால் சூட்டைக் குற்றம் சொல்ல முடியாது.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. கொயில் வயர்கள் நீங்கள் சொன்னபடியே மாறித்தான் இருந்தன, சரிசெய்துவிட்டேன். பொயின்ற் இடைவெளி சரியாக இருந்தது. இன்று அதிகாலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டேன். வாவிக்காற்று குளிராக இருந்தும், வழக்கமான இடத்தை இரண்டு கிலோமீற்றர் கடந்ததும் அதேபோல் நின்றுவிட்டது.

பதில் (அக்கரைப்பற்று, அம்பாறை மாவட்டம்)

தம்பி, கார் நிற்கும் அந்த நிமிடத்திலேயே பொனட்டைத் திறந்து, பின்சுவரில் இருக்கும், தாங்கியிலிருந்து பெற்றோலை இழுக்கும் எஸ்.யூ. மின்பம்பைக் கவனியுங்கள். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் அது எதையும் காட்டாது. சாவியைப் போட்டபடியே காது கொடுங்கள். இடைவிடாமல் வேகமாக டிக் டிக் என்று அடித்தால், தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது இழுக்கும் பக்கத்தில் எங்கோ காற்றுப் புகுகிறது. அடிக்காமல் அமைதியாக இருந்தால் பம்பின் உடலைத் தொட்டுப் பாருங்கள். இந்தப் பம்பில் மின்காந்தம், வளைந்து அசையும் மென்தகட்டை இழுக்கும்போது பெற்றோல் உள்ளே வருகிறது; மின்சாரம் அறுந்ததும் சுருள்வில் அதனைக் காபரேட்டருக்குத் தள்ளுகிறது. தாங்கியின் பக்கம் அடைபட்டிருந்தால் மென்தகடு பாதி வழியில் நின்று, மின்சாரம் அறுபடாமல் பாய்ந்து, பம்பு நன்றாகச் சுடும். காபரேட்டரின் பக்கம் அடைபட்டால் மின்சாரம் அறுந்த நிலையில் நிற்பதால் அவ்வாறு சுடாது.

சுட்டால், உடனே பெற்றோல் மூடியைத் திறவுங்கள். காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டுப் பம்பு மீண்டும் அடித்தால், தாங்கியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. அப்படி இல்லையென்றால் என் சந்தேகம் துரு. பதினொரு ஆண்டுகள் வாவிக்கரையில் நின்ற தாங்கிக்குள் அது இல்லாமலிராது. ஓடும்போது துருத்தூள் கிளம்பி இழுகுழாயின் வாயை மூடுகிறது. நிறுத்திவைத்தால் அடியில் படிந்து வழிவிடுகிறது. நிழலில் விட்டதும் குணமாவதைப் பார்த்து எல்லோரும் சூடு என்று நினைக்கிறோம்.

கேட்டவர்

ஐயா, நீங்கள் எழுதியபடியே நடந்தது. பம்பில் சத்தமே இல்லை. கையை வைக்க முடியாத சூடு. மூடியைத் திறந்தும் மாற்றமில்லை. வீட்டுக்கு வந்து தாங்கியைக் கழற்றி, பெற்றோலை வெள்ளைத் துணியில் வடித்தபோது, ஒரு கைப்பிடி அளவு செந்நிறத் துரு நின்றது. பம்பின் வாயிலுள்ள சிறு வலையும் பாதிக்கு மேல் அடைந்திருந்தது. தாங்கியை எப்படித் துப்பரவு செய்வது?

பதில் (அக்கரைப்பற்று)

முதலில் சவர்க்கார நீரால் பலமுறை கழுவி, பெற்றோல் வாடை அறவே போகச் செய்யுங்கள். அதுவரை தாங்கிக்கு அருகில் நெருப்போ வெல்டிங்கோ வேண்டாம். வெறுந்தாங்கியிலுள்ள ஆவிதான் வெடிக்கும். அடுத்து, சலவைச் சோடா கரைத்த நீரால் நிரப்பி, பெற்றோல் அளவு காட்டும் மிதவையைக் கழற்றிய வாய் வழியாக ஓர் இரும்புக் கம்பியைத் தாங்கியில் படாமல் தொங்கவிடுங்கள். பற்றறி சார்ஜரின் நேர்முனையைக் கம்பிக்கும் எதிர்முனையைத் தாங்கிக்கும் கொடுத்தால் துரு இளகிவிடும். எவர்சில்வர் கம்பி கூடாது. நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். ஐதரசன் வாயு கிளம்புவதால் திறந்த வெளியில் செய்யுங்கள். சார்ஜரை நிறுத்தாமல் கம்பியைத் தொடாதீர்கள். முடிந்ததும் நன்றாக அலசி, வெயிலில் முழுதாக உலர்த்தி, அன்றைக்கே பெற்றோல் நிரப்பிவிடுங்கள். உங்கள் காற்றில் வெறும் இரும்பு ஓர் இரவிலேயே மீண்டும் துருப்பிடிக்கும்.

கேட்டவர்

இரண்டு நாட்கள் அப்படியே செய்தேன். பம்பின் வலையையும் கழுவி, அதற்கு முன்னால் கண்ணாடி வடிகட்டி ஒன்றையும் பூட்டினேன். நேற்று நடுப்பகல் வெயிலில் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு களுவாஞ்சிக்குடிவரை போய் வந்தேன். கார் ஓரிடத்திலும் நிற்கவில்லை. வடிகட்டியின் அடியில் இன்னும் சிறிது தூள் தெரிகிறது. ஒரு மாதத்துக்கு வாரந்தோறும் கழற்றிப் பார்க்கிறேன்.