ஜெர்மனியில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, சென்னையில் மட்டும் ஏன் உடனே தெரிகிறது?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் மதுரைப் பெண், திருநங்கை, வயது 27. ஹார்மோன் எடுக்க ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது, இரண்டு வருடமாக ஜெர்மனியில் படிக்கிறேன். இங்கே கடையிலோ டிராமிலோ யாரும் என்னை உற்றுப் பார்ப்பதில்லை. இந்தியப் பெண் என்பதோடு அவர்கள் பார்வை நின்றுவிடுகிறது. என் ஐந்தடி எட்டு அங்குலம் இங்கே ஒரு உயரமே இல்லை, மாடி வீட்டுப் பாட்டி என்னைவிட உயரம்.

போன வருடம் சென்னை வந்தேன். எழும்பூரில் மின்சார ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்த பெரியவர், நான் வாயே திறக்கவில்லை, சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்து நீட்டினார். கேலியாக இல்லை, பழக்கத்தில் நீட்டினார். அதனால்தான் அதிகமாக வலித்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதே முகம், ஜெர்மனியில் போடும் அதே சுடிதார்.

தை மாதம் தங்கைக்குக் கல்யாணம், மண்டபத்தில் முந்நூறு பேர் முன்னால் நிற்க வேண்டும். வேறு வேறு ஊரில் இருக்கும் உங்களுக்கும் இப்படித்தானா? அப்புறம், இங்கே முடி நீக்க லேசர் செய்து தாடையில் கறுப்புத் திட்டு விழுந்திருக்கிறது. நம் தோலுக்கு எது சரி?

கோவை அம்மா:
மகளே, நம் ஊர்க்காரர் கண் பழகின கண். இங்கே சின்னப் பிள்ளைக்கும் திருநங்கை என்றால் யார் என்று தெரியும். அதனால் தோள், கை விரல், குரல்வளை என்று தானாகத் தேடும். ஜெர்மன்காரர் தன் ஊர்ப் பெண் முகத்தில்தான் அப்படித் தேடுவார், உன் முகத்தில் எதைத் தேடுவது என்று அவருக்குத் தெரியாது. அங்கே வெள்ளைக்காரத் திருநங்கைகள் யாராவது தெரிந்தால் கேட்டுப் பார், நீ சென்னையில் பட்டதை அவர்கள் அங்கே படுவார்கள்.

2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும் நமக்கும் டிக்கெட் இலவசமானது, ஆனால் டிக்கெட் தனித்தனி. கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துதான் கிழிப்பார். பின்னல் போட்டுப் பூ வைத்த நாளில் மகளிர், அவசரத்தில் கொண்டை போட்டு ஓடின நாளில் திருநங்கை. ரொம்ப நாள் அந்தச் சீட்டைப் பார்த்தே என் நாள் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்துகொண்டிருந்தேன்.

ஆனால் நம்மைத் தெரிந்த ஊர் என்பதால்தான் 2008-இலேயே இங்கே நல வாரியம் வந்தது. நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை நீக்கும் ஆபரேஷன், முடிந்து நாற்பது நாள் என்னை எழுந்திருக்க விடாமல் ஆக்கிப் போட்டது என் ஜமாத்துதான், நம் திருநங்கைக் குடும்பம். யாருக்கும் தெரியாமல் பெண்ணாகவே வாழ்கிற என் ஜமாத்து மகள் ஒருத்தி இருக்கிறாள். வீட்டுக்காரருக்கு என்றைக்குத் தெரியுமோ என்று அவள் படும் பயம் நான் பட்டதில்லை.

பினாங்குத் தமிழச்சி:
தங்கச்சி, எங்கள் ஊரில் முகத்தைவிட ஐசி நம்பர்தான் பிரச்சினை. மலேசிய அடையாள அட்டையில் கடைசி எண் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. கவுண்டரில் சிரித்துக்கொண்டே அட்டையை வாங்குகிறவர் அந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும் நிமிர்வார் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகவே நான் பல வேலைகளைத் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

மலாயில் அவனும் அவளும் 'டியா'தான், அதனால் மலாய்க்காரர் வாயில் நான் காயப்பட்டது குறைவு. தமிழில் அவன், அவள் என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், நம்மவர்கள் தடுமாறிக் கடைசியில் 'அது' என்பார்கள். ஆனால் மலாய்த் தோழிகளுக்கு ஷரியா சட்டம் இருக்கிறது, இந்துவான எனக்கு அது இல்லை. ஆணாகப் பிறந்த முஸ்லிம் பெண் உடை உடுத்தினால் தண்டிக்கும் நெகிரி செம்பிலான் மாநிலச் சட்டம் செல்லாது என்று 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, மறு வருடமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. அவர்களுக்குப் பெண்ணாகவே தெரிவது அழகு விஷயம் இல்லை, பிடிபடாமல் இருப்பது.

தென்றல்:
லேசருக்கு மட்டும் சொல்கிறேன். வெளிர் தோலுக்கு அதிகம் பயன்படுத்துவது அலெக்ஸாண்ட்ரைட் என்ற லேசர், ஒளியின் அலைநீளம் 755 நானோமீட்டர். அந்த ஒளியை முடி மட்டும் இல்லை, நம் தோலின் நிறமியும் இழுத்துக்கொள்ளும், அதனால்தான் சுட்டுத் திட்டு விழும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் என்டி யாக் லேசர், 1064 நானோமீட்டர். திட்டு மங்கும்வரை நிறுத்துங்கள், வெயில் படாமல் பாருங்கள், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மறுபடி தொடங்கும்போது காதுக்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு ஒரு மாதம் பாங்காக்கில் இருந்தேன். மருந்துக்கடைப் பெண் எனக்கு ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் 'கா' சேர்க்கச் சொல்லிக் கொடுத்தாள், அது பெண்கள் சொல்வது, ஆண்கள் 'க்ராப்' என்பார்கள். எந்தச் சந்தேகமும் இல்லாமல் சொல்லிக் கொடுத்தாள். ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருந்த தாய்லாந்துப் பெண், என்னைவிட எத்தனையோ அழகி, அவளை ஊரில் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்களாம். அட்டையில் இன்னும் 'திரு'தான், 21 வயதில் ராணுவத் தேர்வுக்கு ஆண்களோடு வரிசையில் நின்றாளாம்.

வைகைக்கரை:
மூன்று பேருக்கும் நன்றி. லேசரை நிறுத்திவிட்டேன். கோவை அம்மா, கல்யாணத்துக்கு நீங்களும் வர முடியுமா? மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் ஒருத்தராவது நம்மவர் உட்கார்ந்திருந்தால் போதும் என்று இருக்கிறது. தங்கையிடம் கேட்டுவிட்டேன், அவளே பத்திரிகை அனுப்புகிறேன் என்கிறாள்.