பஞ்சர் ஆனாலும் சாத்தானா?

கூடல்நகர் அக்கா:
வாரநாளில் எட்டு மணிக்கு முன்னால் ஒழுங்காகக் கிளம்பும் என் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாக்ஸைக் காணோம் என்று அழுகிறார்கள். நானும் அவரும் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை போட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கோயிலில் (சர்ச்சில்தான்) போய் உட்காருகிறோம். போன வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கிளம்பினால் காளவாசல் சிக்னல் தாண்டியதும் வண்டி பஞ்சர். அதற்கு முந்தின மாதம் கன்வென்ஷன் முதல் நாளே சின்னவனுக்குக் காய்ச்சல். தற்செயல், தற்செயல் என்று சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. நமக்குப் போராட்டம் "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல", பொல்லாத ஆவிகளின் சேனைகளோடு என்று எபேசியர் 6:12 சொல்கிறதே, அதை நீங்கள் அன்றாடம் கவனிக்கிறீர்களா?

டவுன்ஹால் ரோடு:
அக்கா, நானும் சி.எஸ்.ஐ. சபைதான், கோபிக்காதீர்கள். அந்த வெள்ளிக்கிழமை டாஸ்மாக்குக்குப் போனவன் வண்டியும் எங்கேயாவது பஞ்சர் ஆகியிருக்கும். அவனை யார் தடுத்தது, தேவதூதனா? சாக்ஸ் விஷயமும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கு முந்தின ராத்திரியே எல்லாம் எடுத்து வைக்கிறோம், கோயிலுக்கு வைப்பதில்லை.

விழித்திருப்பவன்:
சகோதரர் கேலி செய்கிறார். செய்யட்டும். தெசலோனிக்கேயாவுக்கு ஒருதரம், இரண்டுதரம் வர மனதாயிருந்தும் சாத்தான் தடைபண்ணினான் என்று பவுலே எழுதியிருக்கிறார் (1 தெசலோனிக்கேயர் 2:18). தானியேல் ஜெபித்த முதல் நாளே பதில் புறப்பட்டது. அதைக் கொண்டுவந்த தூதனைப் பெர்சியாவின் அதிபதி என்ற ஆவி 21 நாள் எதிர்த்து நின்றது. பயணம் தடைபடுவதும் பதில் தாமதமாவதும் வேதத்திலேயே இருக்கிறது. எங்கள் எதிர்வீட்டில் அமாவாசைதோறும் திருஷ்டி கழித்து முச்சந்தியில் எலுமிச்சம்பழம் போடுவார்கள். ஒருநாள் அது எங்கள் வாசலிலேயே கிடந்தது. அந்த வாரம் கடையில் வியாபாரம் அப்படியே படுத்துவிட்டது. வீட்டின் நாலு மூலையிலும் எண்ணெய் பூசி, ஆவிகளைக் கட்டி ஜெபித்த பிறகுதான் வியாபாரம் எழுந்தது.

டவுன்ஹால் ரோடு:
அண்ணே, ஆயுத பூஜைக்கு மறுநாள் உடைத்துப் போட்ட பூசணிக்காயில் என் வண்டி சறுக்கி முழங்கை பெயர்ந்தது. அது சூனியம் இல்லை, வெறும் வழவழப்பு. சரி, வேதத்துக்கே வருவோம். கலாத்தியர் 5-ல் மாம்சத்தின் கிரியைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பில்லிசூனியம் அதில் உண்டு. அதற்கு அடுத்தடுத்து என்ன வருகிறது? பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள். முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டைப் பார்க்கிறோம். மற்றதெல்லாம் நம் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. அக்கா காட்டிய வசனமும் எதிர்வீட்டு மனிதர் உனக்கு எதிரி இல்லை என்றுதானே சொல்கிறது? உங்களுக்கு அவர்கள் மேல் பயம் வந்ததா, அவர்களுக்காக ஜெபிக்கும் பாரம் வந்ததா?

விழித்திருப்பவன்:
பயம்தான் வந்தது. ஒத்துக்கொள்கிறேன். அதற்காக எதிராளியே இல்லை என்று ஆகிவிடாது. 1 பேதுரு 5:8 பிசாசைக் கெர்ச்சிக்கிற சிங்கம் என்கிறது.

நைட் டூட்டி:
நான் நர்ஸ். "கவனிப்பது" எங்கே போய் முடிகிறது என்பதைப் பார்த்தவள். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குக் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. ஆவியின் தொல்லை என்று ஒரு ஜெபவீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசக் குறைவு என்று நிறுத்திவிட்டார்கள். நாலு மாதம் கழித்து மனநல மருத்துவரிடம் வந்தபோது அவளுக்குத் தன் பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. மருந்து ஆரம்பித்து, இப்போது வேலைக்குப் போகிறாள்.

இங்கே மதுரையிலிருந்து ராமநாதபுரம் போகும் பக்கம்தான் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6-ல் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அந்த ஊரையோ மதத்தையோ குறை சொல்லவில்லை. சங்கிலி எந்த மதத்துக்காரர் கையில் இருந்தாலும் சங்கிலிதான். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. மத்தேயு 4:24 பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் (வலிப்பு நோயாளிகள்) தனித்தனியாகச் சொல்கிறது. சீடன் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்கோளாறு வந்தபோது பவுல் ஆவியைத் துரத்தவில்லை, கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார்.

விழித்திருப்பவன்:
சகோதரி, மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்களுக்கு நான் ஆதரவு இல்லை. ஆனால் என் அப்பா 19 வருஷம் குடித்தவர். மருந்து கொடுத்தோம், மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம், கயிறு கட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு முழு இரவு ஜெபத்துக்குப் பிறகு அவர் தொடவே இல்லை. அந்த ராத்திரி என் அம்மா எதோடு போராடினாள் என்று நீங்கள் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

நைட் டூட்டி:
இல்லை அண்ணே, அதை நான் தொட மாட்டேன்.

பாஸ்கா மெழுகுவர்த்தி:
கத்தோலிக்கன் குறுக்கே வரலாமா? எங்களிடம் ஞானஸ்நானத்திலேயே "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று கேட்கிறார்கள். வருடாவருடம் பாஸ்கா (ஈஸ்டர்) இரவில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொல்கிறோம். எனவே பிசாசு கட்டுக்கதை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் முறையான பேயோட்டலுக்கு ஆயரின் அனுமதி வேண்டும், நோயா என்று முதலில் பார்க்க வேண்டும். பாதிரியார் நோபிலி 1606-ல் மதுரைக்கு வந்தாரே, அவருடைய சேசு சபை என்ற துறவற சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொன்ன விதி ஒன்று எனக்குத் தினமும் உதவுகிறது: மனம் இருண்டு கிடக்கும்போது, முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே. ராத்திரி பத்து நிமிடம் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து ஆன்ம சோதனை செய்தால் எந்த இடத்தில் இருட்டு உள்ளே வந்தது என்று தெரியும். பெரும்பாலும் செல்போன் வழியாக வந்திருக்கும், அது வேறு கதை.

கூடல்நகர் அக்கா:
இன்றைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். நேற்று ராத்திரியே துணி, சாக்ஸ், பைபிள் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. ஏழரைக்குக் கிளம்பிவிட்டோம். சண்டை அப்படியும் வந்தது. நான் என் அம்மா வீட்டுக்குப் பணம் அனுப்பியதை அவரிடம் சொல்லவில்லை, மூன்று வாரமாக. ஞாயிற்றுக்கிழமை சண்டைகளுக்கெல்லாம் அடியில் அதுதான் கிடந்திருக்கிறது. சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணியட்டும், பிசாசுக்கு இடங்கொடாதேயுங்கள் என்ற வசனம் எனக்கு மனப்பாடம்; சொல்ல வாய் வரவில்லை. யாரோ வாயைப் பொத்திப் பிடித்த மாதிரி இருந்தது. டவுன்ஹால் தம்பி சிரிக்கலாம். குருவிக்காரன் சாலைப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, அங்கேயே நின்று சொல்லி முடித்தேன். பாட்டு முடிந்துதான் உள்ளே போனோம்.

டவுன்ஹால் ரோடு:
சிரிக்கவில்லை அக்கா. டயர் மட்டும் மாற்றிவிட்டீர்களா?

கூடல்நகர் அக்கா:
இல்லை. நூல் தெரிகிறது என்று பஞ்சர் கடைக்காரர் சொல்லி ரெண்டு மாதம் ஆகிறது.