பாக்கெட் தீனியோடு முட்டை, ஈரல், தயிர்: எவ்வளவு வரை கலக்கலாம்?

கோம்பை15
நாட்டு நாய், 10 கிலோ, வயது 4, கருத்தடை ஆனது. தினம் 180 கிராம் பாக்கெட் தீனி. விலை ஏறிக்கொண்டே போவதால் நடுத்தர பிராண்டுக்கு இறங்கி, மிச்சமாகும் காசில் முட்டை, கோழி ஈரல், காய்கறி சேர்க்க யோசனை. அளவு என்ன? இல்லை, முழுக்க வீட்டுச் சாப்பாட்டுக்கே மாறிவிடலாமா?

தராசு
மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் வேண்டாம். இந்த எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 630 கலோரி. பத்தில் ஒரு பங்கு 63. வேகவைத்த ஒரு முட்டையே 70. ஆக, முட்டை வைத்த நாளில் வேறெதுவும் கிடையாது. தீனியிலும் 20 கிராம் குறைக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். சேர்ப்பார்கள், குறைக்க மாட்டார்கள். விலா எலும்பு லேசாகத் தடவினாலே கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கூடிவிட்டது என்று அர்த்தம்.

பழையசோறு
பாக்கெட் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊரு நாயெல்லாம் பட்டினியா கெடந்துச்சு? தயிர்சோறும் மீன் தலையும் தின்னுட்டு நல்லாத்தான் இருந்துச்சு. கடைக்காரன் விக்கிறதுக்குச் சொல்றதை எல்லாம் கணக்குன்னு சொல்லாதீங்க.

தராசு
தயிர்சோற்றையே கணக்குப் போடுவோம். சோறு 350 கிராம், தயிர் 250 கிராம்: கலோரி 610 வந்துவிடும், புரதம் 18 கிராம்தான். அமெரிக்காவில் விலங்குத் தீனிக்கு அளவுகோல் வகுக்கும் ஆஃப்கோ (AAFCO) அமைப்பின் வரையறைப்படி 1000 கலோரிக்குப் புரதம் 45 கிராம், அதாவது இந்த நாய்க்கு 28. வயிறு நிறையும், தசை கரையும். மீன் தலை தின்ற நாய் தெருவில் எலி, ஓணான், கறிக்கடைக் கழிவு என்று மீதியைத் தானே பார்த்துக்கொண்டது. எத்தனை வயது வரை இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பழையசோறு
அப்போ சோத்துல 100 கிராம் கொறைச்சு ரெண்டு முட்டை போடுங்க. உங்க 28-ஐத் தொட்டுடும், கலோரியும் ஏறாது. பன்னெண்டு பதினாலு ரூவா செலவு. தப்பு தயிர்சோத்துல இல்ல, முட்டை வைக்காததுல.

மிக்ஸிஜார்
புரதம் சரியாகும், கால்சியம்? அந்தத் தயிரில் 350 மில்லிகிராம் வரலாம். தேவை 790 பக்கம்.

முழு வீட்டுச் சாப்பாடு என்றால் நான் சொல்லும் அளவு, ஒரு நாளைக்கு: வெந்த சோறு 200 கிராம், தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழிக்கறி 150, கோழி ஈரல் 20, பரங்கிக்காய் அல்லது கேரட் 60, எண்ணெய் ஒரு டீஸ்பூன், முட்டை ஓட்டுத் தூள் 2 கிராம் (அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு). இதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அந்தத் தூளை விட்டுவிட்டால் மொத்தத்தில் 100 மில்லிகிராம் கால்சியம்கூடத் தேறாது, ஆனால் கறியில் பாஸ்பரஸ் நிறைய. அப்போது உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். வெளியே தெரிய மாதங்கள் ஆகும் என்பதால்தான் ‘என் நாய் கறியும் சோறும் தின்று நன்றாகத்தானே இருக்கிறது’ என்கிறார்கள்.

தூள் செய்ய: ஓட்டைக் கழுவி 10 நிமிடம் கொதிக்கவிட்டு, வெயிலில் நன்றாகக் காயவைத்து, காய்ந்த மிக்ஸியில் மாவாக அரைத்து, டீ வடிகட்டியில் சலிக்கவும். விரலில் நெறுநெறுவென்று பட்டால் திரும்ப அரைக்க வேண்டியதுதான். கொரகொரப்பாக இருந்தால் பெரும்பகுதி அப்படியே மலத்தில் போய்விடும்.

ஈரல் கோழியுடையதாக இருக்கட்டும். ஆட்டு ஈரலில் தாமிரம் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். தினமும் வைக்கும் பொருள் அல்ல.

தராசு
இந்தத் தட்டு முந்தையதைவிட எவ்வளவோ மேல், ஆனால் முழுமையில்லை. அயோடின் எங்கே? தேவை சுமார் 140 மைக்ரோகிராம். அயோடின் உப்பு ஒரு சிட்டிகை போட்டாலும் 10-ஐத் தாண்டாது. உப்பைக் கூட்டியும் ஈடுகட்ட முடியாது, சோடியம் எகிறிவிடும். துத்தநாகம், வைட்டமின் இ, டி மூன்றும் குறைவு. 2013-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடைப் பள்ளி, புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 செய்முறைகளைச் சோதித்தது. 95 சதவீதத்தில் ஒரு சத்தாவது குறைந்திருந்தது. வாரம் ஒருமுறை செய்முறையை மாற்றினால் சமனாகிவிடும் என்ற நம்பிக்கையும் தப்பு. பலவற்றில் குறைந்தது அதே சத்துக்கள்தான்.

மிக்ஸிஜார்
அதனால்தான் வீட்டுச் சமையலுக்கென்றே விற்கும் வைட்டமின்-தாதுக் கலவையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்கச் சொல்வேன். அதில் கால்சியமும் இருந்தால் ஓட்டுத் தூளை நிறுத்திவிட வேண்டும். அதே சமயம் உங்கள் பத்தில் ஒரு பங்கு எந்தக் குப்பையையும் சேர்த்துச் சொன்ன வரம்பு. பிஸ்கட்டுக்கு அது பொருந்தும். முட்டையும் மத்தி மீனும் சத்துள்ள பொருள். வளர்ந்த, நோயில்லாத நாய்க்கு கால் பங்கு வரை போகலாம் என்பது என் கட்சி.

தராசு
கால் பங்கு என்றால் தாதுச் சத்திலும் கால் பங்கு குறைகிறது. மலிவு பிராண்டுகள் குறைந்தபட்ச அளவை ஒட்டியே செய்யப்பட்டிருந்தால் அங்கே இடறும். நல்ல பிராண்டாக இருந்தால் யோசிக்கலாம். மலிவுக்கு இறங்கி, அதையும் நீர்த்துப்போகச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

பழையசோறு
ராத்திரி மிஞ்சுன சாம்பார்ல சோறு பெசஞ்சு வைக்கலாமா, அதுக்கும் கணக்கு இருக்கா?

மிக்ஸிஜார்
அதற்குக் கணக்கே வேண்டாம், கூடவே கூடாது. வெங்காயம், பூண்டு இரண்டும் சிவப்பணுவைச் சிதைக்கும். வெந்தாலும் குணம் மாறாது, சின்ன வெங்காயம் என்றால் சலுகையும் இல்லை. காயை எடுத்துவிட்டேன் என்று குழம்பை ஊற்றினாலும் அதே கதை. திராட்சை நாய்க்கு ஆகாததற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று இப்போது கருதுகிறார்கள். புளியிலும் அது ஏராளம். காயைத் தாளிக்கும் முன் தனியாக வேகவைத்து எடுத்துவிடுங்கள்.

மணிமேகலை_பூனை
பூனைக்கும் இதே அளவா, எடைக்குத் தகுந்தபடி குறைத்து?

தராசு
இல்லை. பூனையால் டாரின் என்ற அமினோ அமிலத்தைப் போதுமான அளவு தானே தயாரிக்க முடியாது. அது குறைந்தால் பார்வையும் இதயத் தசையும் கெடும் (இதயத் தொடர்பு 1987-ல் உறுதியானது). பாலும் சோறும் வைத்து வளர்ப்பது அந்த வழிதான். பூனைக்கான முழுத் தீனி அடிப்படையாக இருக்கட்டும். மேலே கொஞ்சம் வெந்த கறி. கறி வெந்த தண்ணீரில் டாரின் இறங்கியிருக்கும், கீழே கொட்டாமல் அதையும் ஊற்றுங்கள். பச்சை மீன் வேண்டாம், சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு.

கோம்பை15
பிராண்டை மாற்றவில்லை. தீனி 160 கிராம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டை, மற்ற நாளில் வெந்த மத்தி 30 கிராம் என்று வைக்கிறேன். மேலே ஓட்டுத் தூள் தூவலாமா?

மிக்ஸிஜார்
தேவையில்லை, தீனியிலேயே கால்சியம் இருக்கிறது. குட்டி நாய் வைத்திருப்பவர்களும் இதைக் கவனியுங்கள்: அதுவும் பெரிய இனக் குட்டியென்றால் தூளைத் தொடவே வேண்டாம். மிஞ்சிய கால்சியத்தைத் தள்ளிவிட அந்த வயதில் குடலுக்குத் தெரியாது, எலும்பு கோணும். மத்தியில் முள்ளை எடுத்துவிட்டுக் கொடுங்கள். எண்ணெயில் பொரித்தது, கருவாடு இரண்டும் வேண்டாம். முதல் வாரம் பாதி முட்டையில் ஆரம்பித்து, மலம் இளகாவிட்டால் முழு அளவுக்குப் போங்கள்.