கோல்ஃப் ஜிடிடியா, ஆக்டேவியா எஸ்டேட்டா? குழந்தை வரப்போகிறது, முடிவெடுக்க முடியவில்லை

எம்கே_வாசி

வணக்கம். நாங்கள் மில்டன் கீன்ஸில் இருக்கிறோம். வாரத்தில் மூன்று நாள் கவெண்ட்ரிக்கு வேலைக்குப் போகிறேன், எம்1இல் ஏறி, எம்45 பிடித்து, ஏ45 வழியாக, ஒரு வழிக்குச் சுமார் 45 மைல். பழைய பெட்ரோல் காரில் கிளட்ச் போய்விட்டது, அதற்கு மேல் அந்த வண்டியில் காசு போட மனமில்லை. கையில் 9,000 பவுண்டு இருக்கிறது, கடன் வாங்குவதாக இல்லை.

இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2015 ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிடி, கோல்ஃபின் வேகமான டீசல் மாடல், 184 பிஎஸ் (குதிரைத்திறன்), மேனுவல், 78,000 மைல் ஓடியது. இன்னொன்று 2016 ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட் (பின்பக்கம் நீண்ட, பெரிய டிக்கி உள்ள வகை), 2.0 டிடிஐ டீசல், 150 பிஎஸ், 71,000 மைல். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஜிடிடியை ஓட்டிப் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. எங்கள் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் ரவுண்டானாதான், ஒவ்வொன்றிலிருந்தும் வெளியே வரும்போது மூன்றாவது கியரில் லேசாக மிதித்தாலே முதுகைச் சீட்டோடு அழுத்திக்கொண்டு போகிறது. அந்தக் கட்டம் போட்ட துணி சீட், சின்ன ஸ்டீயரிங், எல்லாமே பிடித்துப்போனது. கல்லூரிக் காலத்திலிருந்தே இப்படி ஒரு கார் வேண்டும் என்ற ஆசை எனக்கு.

ஆனால் மனைவிக்கு இப்போது ஆறாவது மாதம். பிரசவத்துக்கு அம்மா அப்பா திருச்சியிலிருந்து வருகிறார்கள், ஆறு மாதம் இருப்பார்கள், ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. மனைவி "உங்களுக்குப் பிடித்ததை எடுங்க" என்கிறாள். அவள் அப்படிச் சொல்வதால்தான் எனக்கு இன்னும் தயக்கமாக இருக்கிறது. இரண்டையும் வைத்திருந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மலைப்பாதை

நான் ஷெஃபீல்டில் இருக்கிறேன், இதே தலைமுறை ஜிடிடி நான்கு வருடமாக வைத்திருக்கிறேன், பையனுக்கு இரண்டு வயது. நல்லதையும் கெட்டதையும் சொல்கிறேன்.

ஓட்டுவதற்கு இதைப்போல ஒரு டீசல் கிடைப்பது அரிது. 380 என்எம் இழுவிசை கீழ் வேகத்திலேயே வந்துவிடும், ஸ்னேக் பாஸ் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டினால்கூடக் கியர் மாற்றாமல் தாண்டிவிடலாம். பின்பக்கம் மல்டிலிங்க் சஸ்பென்ஷன், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும். நீங்கள் பார்த்த ஆக்டேவியாவில் இரண்டு பின்சக்கரத்தையும் ஒரே தண்டில் இணைக்கும் எளிய டார்ஷன் பீம்தான், வளைவில் மேடு பள்ளம் வந்தால் அது பின்னால் கொஞ்சம் துள்ளும். தினசரி எம்1இல் போகிற உங்களுக்கு அது தெரியவே தெரியாது.

இப்போது இடம். டிக்கி 380 லிட்டர். எங்கள் தள்ளுவண்டியைப் பின்சக்கரம் இரண்டையும் கழற்றி, சட்டத்தைச் சாய்த்து வைத்தால்தான் மூட முடியும், சக்கரங்கள் தனியாக ஒரு பையில் போகும். மழையில், சேறு ஒட்டிய சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு நிற்கும்போது குழந்தை உள்ளே அழும் பாருங்கள், அந்த ஐந்து நிமிடம் ரொம்ப நீளம். குழந்தை சீட்டைப் பின்னோக்கித்தான் மாட்ட வேண்டும், குழந்தையின் உயரத்தை வைத்துத் தேர்வு செய்யும் ஐ-சைஸ் வகை சீட் என்றால் 15 மாதம் வரை அதுதான் சட்டம். அதை மாட்டிவிட்டால் முன்சீட்டை முன்னால் தள்ள வேண்டும். என் மனைவி உயரம், முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும் என்று பின்னாலேயே உட்கார்ந்து வந்தாள் ஒரு வருடம்.

இன்னொன்று, டயர். ஜிடிடிக்கு 225/40 அளவில் 18 அங்குலம், பக்கவாட்டு ரப்பர் மெலிந்த டயர். இங்கே குளிர்காலம் முடிந்து சாலைகள் இருக்கிற நிலையில் ஒரே பள்ளத்தில் இரண்டு டயரின் பக்கவாட்டிலும் கோழிமுட்டை அளவுக்குப் புடைத்துவிட்டது, அன்றைக்கே இரண்டையும் மாற்றினேன். ஆக்டேவியாவின் சாதாரண மாடல் 16 அங்குலத்தில் 205/55 டயரோடு வரும், அந்தக் கூடுதல் ரப்பர் நிறைய அடியைத் தாங்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, காரை விற்க எனக்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹாரோவாசி

தம்பி, எங்களிடம் ஆக்டேவியா எஸ்டேட் ஏழு வருடமாக இருக்கிறது. மூன்று பிள்ளைகள், மாமியும் எங்களோடு. டிக்கி 610 லிட்டர், பின்சீட்டை மடக்கினால் 1,740. போன வருடம் ஹீத்ரோவில் ஆட்களை ஏற்றினோம், பெரிய பெட்டி நான்கு, அதற்கு மேல் இரண்டு கைப்பை, கடையில் வாங்கின 20 கிலோ அரிசி மூட்டையும் முதலே உள்ளே கிடந்தது. டிக்கியை மூடும் திரையை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனோம், ஆட்களின் மடியில் ஒரு சாமானும் இல்லை. கோல்ஃபில் என்றால் இரண்டு பெட்டி வாடகைக் காரில்தான் பின்னால் வந்திருக்கும்.

லண்டன் பக்கம் வருகிறவர் என்றால் ஒன்றை வடிவாகப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுக்க யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் பகுதி), டீசல் கார் யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இல்லை என்றால் நாளுக்கு 12.50 பவுண்டு. 2015 செப்டம்பரிலிருந்துதான் எல்லாப் புது டீசலுக்கும் யூரோ 6 கட்டாயம். உங்கள் 2016 கார் பிரச்சினை இல்லை. 2015 கோல்ஃப் அநேகமாகச் சரியாக இருக்கும், ஆனாலும் முற்பணம் கட்டுவதற்கு முதல் டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்துத் துறை) தளத்தில் அதன் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பர்மிங்ஹாமிலும் 8 பவுண்டு அறவிடுகிறார்கள்.

ஓடும்போது எஸ்டேட் கூட உங்களை ஏமாற்றாது, 150 பிஎஸ் போதும். தரிப்பிடத்தில் மட்டும் நீளம் தெரியும், 4.66 மீட்டர், கோல்ஃபை விட 40 சென்டிமீட்டர் கூட.

இரவுப்பணி

நான் நர்ஸ், லெஸ்டரில் வேலை. எந்தக் கார் என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறேன்: குழந்தை பிறந்த பிறகு வாரத்தில் மற்ற நான்கு நாள் காரை யார் ஓட்டுவார்கள், எவ்வளவு தூரம்?

மகப்பேறு விடுப்பில் நான் ஓட்டியதெல்லாம் இரண்டு மைல், மூன்று மைல்தான். தடுப்பூசிக்கு, எடை பார்க்க, மருந்துக் கடைக்கு, மறுபடி வீட்டுக்கு. என் கணவர் அப்போது ரயிலில் வேலைக்குப் போனார், ஆகவே அந்த டீசல் காருக்கு நீண்ட ஓட்டமே கிடைக்கவில்லை. எட்டே மாதத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது, டிபிஎஃப் (டீசல் புகையை வடிகட்டும் பாகம்) அடைத்துக்கொண்டது. வண்டி வேகம் எடுக்காமல், கைக்குழந்தையோடு ஏ6 ஓரத்தில் நின்றேன். சரிசெய்ய 600 பவுண்டுக்கு மேல் ஆனது, அந்த மாதம் என் சம்பளம் பாதிதான். காரில் குறை இல்லை, நாங்கள் அதை ஓட்டிய விதம்தான் தவறு, அதை வாங்கும்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அப்புறம், சிசேரியன் ஆனால் ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்பார்கள். எஸ்டேட்டில் டிக்கி வாய் தாழ்வாக, தட்டையாக இருக்கும், தள்ளுவண்டியைச் சாய்த்து உருட்டி ஏற்றிவிடலாம். உங்கள் மனைவியை நேரில் அழைத்துப்போய் அதை ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். "உங்களுக்குப் பிடித்ததை எடுங்க" என்று சொல்லிவிட்டாள் என்பதால் அவளைக் கேட்காமல் விடாதீர்கள்.

ஸ்பானர்_9

நான் இருபது வருடமாகக் கராஜில் வேலை பார்க்கிறேன். மேலே அந்தத் தங்கை சொன்னது முக்கியம், அதையே விரித்துச் சொல்கிறேன். டிபிஎஃப் புகைக்கரியைப் பிடித்து வைத்து, சூடு ஏற்றி எரித்துச் சாம்பலாக்கும். அதற்கு நெடுஞ்சாலையில் கால் மணி நேரம் சீராக ஓட வேண்டும். உங்கள் மூன்று நாள் எம்1 ஓட்டம் அதற்குத் தாராளம், ஆகவே உங்களுக்கு டீசல் பொருந்தும். எரிந்துகொண்டிருக்கும்போது நின்ற இடத்தில் எஞ்சின் சுற்று 1,000 பக்கம் இருக்கும், சிக்னலில் எஞ்சின் தானாக அணையாது, வண்டியை நிறுத்தியதும் விசிறி உரக்கச் சுற்றும். அந்த நேரத்தில் அணைக்காமல் இன்னொரு பத்து மைல் ஓட்டிவிட்டு வாருங்கள், மனைவிக்கும் இந்த அடையாளங்களைச் சொல்லி வையுங்கள்.

இரண்டு காரிலும் அடிப்படையில் ஒரே இஏ288 எஞ்சின். டைமிங் பெல்ட்டும் தண்ணீர் பம்பும் மாற்றிய ரசீது எங்கே என்று கேளுங்கள். பத்து வருடக் காரில் அது இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். எம்ஓடி, அதாவது வருடாந்திர வாகனச் சோதனையின் வரலாறு அரசுத் தளத்தில் இலவசம், பதிவு எண் போதும். டிபிஎஃப்பைக் கழற்றி எறிந்த வண்டி எம்ஓடியில் தேறாது, புகைக்குழாய் முனையில் விரலை வைத்துப் பாருங்கள், கறுப்பாக ஒட்டினால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

செலவுக் கணக்கு: வருடம் 12,000 மைல், ஜிடிடி கேலனுக்கு 50 மைல், ஆக்டேவியா 55 என்றும், டீசல் லிட்டர் 1.40 பவுண்டு என்றும் வைத்துக்கொண்டால் வித்தியாசம் 140 பவுண்டு பக்கம்தான். எரிபொருளை வைத்து முடிவு செய்ய ஒன்றுமில்லை, இன்சூரன்ஸில்தான் கூடுதல் தெரியும், இரண்டு காரின் பதிவு எண்களையும் போட்டு விலை கேளுங்கள்.

ஆனால் நீங்கள் ஏன் இந்த இரண்டோடு நின்றீர்கள்? ஆக்டேவியாவின் வேகமான மாடலான விஆர்எஸ், எஸ்டேட்டில் டீசலாக இருக்கிறதே. ஜிடிடியில் இருக்கும் அதே 184 பிஎஸ், அதே 380 என்எம், பின்னால் மல்டிலிங்க், டிக்கி அதே 610 லிட்டர். கோல்ஃப் ஜிடிடியே எஸ்டேட்டாகவும் 2015இல் வந்தது, 605 லிட்டர், ஆனால் தேடினால்தான் கிடைக்கும். விஆர்எஸ்ஸில் ஆறு கியர் டிஎஸ்ஜி (தானாகக் கியர் மாற்றும் வகை) பார்த்தால், 40,000 மைலுக்கு ஒருமுறை கியர் எண்ணெய் மாற்றியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரலுக்கு முன் பதிவானதைத் தேடுங்கள், அதற்குப் பிந்தியது என்றால் சாலை வரி 2025 ஏப்ரல் கணக்கில் வருடம் 195 பவுண்டு, முந்தியது என்றால் புகையில் வரும் கரியமில வாயுவின் அளவை வைத்து, பெரும்பாலும் அதைவிடக் குறையும்.

எம்கே_வாசி

எல்லோருக்கும் நன்றி. விஆர்எஸ் எஸ்டேட் என் மனதில் வரவே இல்லை.

சனிக்கிழமை இருவருமாக ரக்பி வரை போனோம், 2016 விஆர்எஸ் எஸ்டேட், மேனுவல், 83,000 மைல், 9,200 கேட்கிறார். தள்ளுவண்டியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனோம், ஊரிலிருந்து கொண்டுவந்த காலிப் பெட்டி இரண்டையும் எடுத்துப் போனோம். மனைவியே தள்ளுவண்டியைச் சாய்த்து உருட்டி ஏற்றினாள், சக்கரம் கழற்றத் தேவையிருக்கவில்லை. பிறகு அவளே ஓட்டினாள், ஏ5 ஏறும் இடத்தில் ஒரு மிதி மிதித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

புகைக்குழாய் சுத்தமாக இருந்தது. பெல்ட் மாற்றிய ரசீது மட்டும் இல்லை, அதைச் சொல்லி 8,700க்குக் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னார். டயர் 18 அங்குலம்தான், அதனால் முன்டயர் இரண்டின் உள்பக்கத்தையும் தடவிப் பார்த்தேன், புடைப்பு இல்லை.