புது ஸ்பீக்கரை 100 மணி நேரம் ஓடவிட்டால்தான் பாஸ் வருமா?

மதுரைக்காரன்:
ஆறரை அங்குல வூஃபர் (பாஸ் எனும் கனத்த அடி ஒலியைத் தரும் பகுதி) உள்ள ஸ்பீக்கர் ஜோடி வாங்கி ஐந்து நாளாகிறது. மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலை கணீரென்று விழுகிறது. இடப்பக்கமான தொப்பியின் கும்கியை, அந்தக் கனத்து இழையும் ஒலியை, காணவே இல்லை. "100 மணி நேரம் மெதுவாகப் பாடவிடுங்கள், தானாகப் பழகிவிடும்" என்கிறார் கடைக்காரர். நாளுக்கு மூன்று மணி நேரம்தான் கேட்க முடிகிறது. திருப்பிக் கொடுக்கப் பத்து நாள்தான் கெடு. காத்திருக்கலாமா?

கோன் மாற்றுபவர்:
காத்திருக்காதீர்கள் தம்பி. இருபது வருடமாக ஸ்பீக்கருக்குக் கோன் (முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும் கூம்பு) மாற்றுகிறேன். கோனுக்குப் பின்னால் அலை அலையாக மடிந்த துணி வட்டம் ஒன்று இருக்கும்; ஸ்பைடர் என்போம். பிசின் ஏற்றி விறைப்பாக்கிய துணி. புதிதில் விரலால் அழுத்தினால் கஞ்சி போட்ட வேட்டி போல முரண்டு பிடிக்கும். நன்றாக அசைந்ததும் சற்றுத் தளர்ந்து, ஒத்ததிர்வு, அதாவது கோன் இயல்பாக அதிரும் வேகம், சில ஹெர்ட்ஸ் இறங்கும். மீட்டரில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும். மெதுவாகப் பாடவிட்டால் கோன் அசைவதே அரிது. பிறகு எது தளரும்?

அடியோடு இல்லாத பாஸ் இதனால் வந்துவிடாது. ஒரு பக்கம் வயர் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு கோன் முன்னே வரும்போது மற்றது பின்னே போனால் பாஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆம்ப்ளிஃபையரை அணைத்து, அதிலிருந்து வயரைக் கழற்றுங்கள். சிவப்பில் இருந்த நுனியை 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸிலும், கறுப்பில் இருந்ததை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். இரண்டு கோனும் வெளியே வர வேண்டும்.

பழைய ரசிகர்:
என் ஸ்பீக்கர் ஒரு மாதத்தில் உண்மையிலேயே இனிமையானது ஐயா. அதை எப்படி மறுப்பது?

கோன் மாற்றுபவர்:
உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு மாதத்தில் உங்கள் காதும் பழகியிருக்கிறதே. அடுத்த ஜோடி வாங்கும்போது ஒன்றை மட்டும் ஒரு வாரம் ஓட்டுங்கள். மற்றது பெட்டியிலேயே இருக்கட்டும். பிறகு இரண்டையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைத்து, எது எதுவென்று தெரியாமல் கேளுங்கள்.

மதுரைக்காரன்:
பேட்டரி வைத்துப் பார்த்தேன் ஐயா. இரண்டும் வெளியேதான் வந்தன. சுவரிலிருந்து நான்கடி தள்ளியிருந்ததை ஓரடிக்குக் கொண்டுவந்தேன். தொப்பி எழுந்தது, கும்கி இன்னும் போதவில்லை. எட்டாம் நாளான நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். எட்டு அங்குல வூஃபர் உள்ளதைக் கேட்டுப் பார்க்கலாமா?

கோன் மாற்றுபவர்:
பாருங்கள். இதே மிருதங்கப் பதிவைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே கேட்டுவிட்டு வாங்குங்கள்.